கையால் செய்த கத்தியைச் சின்ன உலையில் காய்ச்சித் தோய்ப்பது எப்படி?

கேள்வி: லாரி ஸ்ப்ரிங் பட்டையை வெட்டி, கிரைண்டரில் தேய்த்து இரண்டு சமையல் கத்தி செய்தேன். ஃபயர் பிரிக் அடுக்கி, எல்.பி.ஜி. பர்னர் வைத்த சின்ன உலை இருக்கிறது. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். ஒரு கத்தியில் தேங்காய் ஓட்டில் பட்டாலே வாய் மடங்குகிறது. இன்னொன்று மேடையிலிருந்து விழுந்ததும் முனை உடைந்துவிட்டது. ஒரே பட்டை, ஒரே எண்ணெய். எங்கே தவறு? எப்படிச் செய்ய வேண்டும்?

பதில்:

இரண்டு கத்திக்கும் கோளாறு ஒன்றுதான். எண்ணெய்க்குள் போகிற நொடியில் எஃகு எத்தனை டிகிரியில் இருந்தது என்று தெரியாமலே இரண்டையும் முக்கியிருக்கிறீர்கள். வாய் மடங்குகிற கத்தி, போதிய சூடு ஏறுவதற்கு முன்பே உள்ளே போயிருக்கும். முனை உடைந்தது சூடு மிஞ்சிப் போயிருக்கும். அதோடு அதற்கு டெம்பரும் வைத்திருக்க மாட்டீர்கள், அதாவது தோய்த்த கத்தியை மறுபடி மிதமான சூட்டில் வைத்து உடையும் குணத்தைக் குறைக்கிற வேலை. கேள்வியில் டெம்பர் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. எண்ணெயைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்றுதான் கேட்கிறார்கள். கத்தியின் தலையெழுத்து எண்ணெயைத் தொடுவதற்கு முன்னாலேயே, உலைக்குள்ளேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

‘சிவக்க’ என்பது ஓர் அளவே இல்லை. இருட்டில் 550 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இரும்பில் சிவப்பு தெரியத் தொடங்கும். 900 வரை அது ஏதோ ஒரு சிவப்பாகத்தான் இருக்கும். நமக்குத் தேவையான இடம் இதற்கு நடுவில் ஒரு குறுகலான பட்டை, முப்பது நாற்பது டிகிரி அகலம்தான். அதைக் கண்ணால் பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வேலையில் பெரிய பாடம். அதனால் பதிலில் பாதி அதைப் பற்றியே இருக்கும்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சாதாரண நிலையில் இரும்பு அணுக்களின் அடுக்குக்குள் கார்பனுக்கு ஏறக்குறைய இடமே கிடையாது, அதிகபட்சம் 0.02 சதவீதம். மீதிக் கார்பன் முழுவதும் இரும்போடு சேர்ந்து கார்பைடாகத் தனியே ஒதுங்கி நிற்கும். 727 டிகிரியைத் தாண்டினால் அணுக்களின் அடுக்கே மாறத் தொடங்கும். புதிய அடுக்குக்கு ஆஸ்டினைட் என்று பெயர். அதில் கார்பன் தாராளமாகக் கரையும். கரைந்த நிலையில் சட்டென்று குளிரவைத்தால் கார்பன் வெளியே வர நேரம் கிடைக்காமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அணுக்களின் அடுக்கு இழுபட்டு, முறுக்கேறி நிற்கும். இதுதான் மார்டென்சைட். கத்தியின் கடினம் முழுவதும் இதிலிருந்து வருவதுதான்.

சூடு போதவில்லை என்றால் கார்பன் கரைந்தே இருக்காது. அப்போது உலகத்தின் சிறந்த எண்ணெயில் முக்கினாலும் கத்தி கடினமேறாத பச்சை இரும்பாகத்தான் இருக்கும். சூடு மிஞ்சினால் வேறொன்று நடக்கும். எஃகின் உள்மணிகள், பட்டறையில் கிரெய்ன் என்று சொல்வது, ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகிக்கொண்டே போகும். பெரிய கிரெய்ன் உள்ள கத்தியும் கடினமாகத்தான் இருக்கும், அரமும் வழுக்கும். ஆனால் தட்டினால் உடையும். உங்கள் இரண்டாவது கத்தி இதுதான்.

சூடு மிஞ்சி எஃகு கெடுவது பழைய கதை. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் மூசை எஃகு செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தென்னிந்திய வூட்ஸ் எஃகு ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கிருந்த கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளைச் சூட்டில் வைத்து அடித்தார்கள். எஃகு சம்மட்டிக்கு அடியில் நொறுங்கியது. கார்பன் மிகுந்த எஃகு மங்கிய சிவப்பில்தான் அடி தாங்கும் என்பது அவர்களுக்குப் பழக்கமில்லை.

சரி, உங்கள் எஃகுக்கு வருவோம். லாரி பட்டை என்றால் ஒரே எஃகு இல்லை. நம் ஊரில் பெரும்பாலும் சப் 9, இ.என். 47, இ.என். 45 ஆகிய மூன்று எஃகு வகைகளில் ஒன்றாக இருக்கும். முதல் இரண்டில் குரோமியம் உண்டு, மூன்றாவதில் சிலிக்கான் அதிகம். கார்பன் எல்லாவற்றிலும் அரை சதவீதத்தை ஒட்டி, 0.6க்குள்தான். அதனால் சவரக்கத்திக் கூர்மையை ரொம்ப நாள் பிடித்து வைக்கிற எஃகு இல்லை. ஆனால் எளிதில் உடையாது, எண்ணெயிலேயே நன்றாகக் கடினமாகும், கற்றுக்கொள்ள நல்லது. சப் 9 வகைக்கு 830 முதல் 850 டிகிரி சரி. சிலிக்கான் கூடிய பட்டை இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கும்.

ஓடித் தேய்ந்த பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம். பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. எல்லாம் சரியாகச் செய்தும் எண்ணெயில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டால், குற்றம் உங்களுடையதாக இல்லாமல் அந்தப் பழைய விரிசலுடையதாக இருக்கக்கூடும். நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரித் தொழில் நடக்கிற ஊர்ப் பக்கம் ஆள் இருந்தால், ஸ்ப்ரிங் பட்டறையில் புதுப் பட்டையின் வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த கிரேடு என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். பெயர் தெரிந்த எஃகு கையில் இருந்தால் பாதி தலைவலி போய்விடும். எஃகை விலைக்கு வாங்கத் தயார் என்றால் 1084 என்ற எண் கொண்ட எஃகு கிடைத்தால் விடாதீர்கள். கார்பன் 0.84 சதவீதம், வேறு கலப்பு அதிகமில்லை, 800 முதல் 815 டிகிரியில் வேலை முடிந்துவிடும். சின்ன உலைக்கு அதைவிட ஒத்துப்போகிற எஃகு இல்லை.

டி2, 440சி மாதிரி எஃகுகளையும் மற்ற ஸ்டெயின்லெஸ் கத்தி எஃகுகளையும் இந்த உலையில் தொடவே வேண்டாம். அவற்றுக்கு 1000 டிகிரிக்கு மேலே, துல்லியமாக, பல நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் இதற்கென்றே ஹீட் ட்ரீட்மென்ட் கடைகள் இருக்கின்றன. அங்கே கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

உலைக்குப் போகும் முன் கத்தியில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். வாயை முழுக் கூர்மைக்குத் தேய்த்துவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் விட்டுவையுங்கள். மெல்லிய வாய் மற்ற இடத்துக்கு முன்பே சூடேறி எரியும், எண்ணெயில் அலை அலையாக நெளியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்திருந்தால் கத்தி கட்டாயம் கோணும். வாலில், அதாவது பிடிக்குள் போகிற பகுதியில், போட வேண்டிய துளைகளை இப்போதே போட்டுவிடுங்கள், அப்புறம் டிரில் இறங்காது. கிரைண்டர் விட்ட குறுக்குக் கோடுகளை உப்புத்தாள் வைத்து 120, முடிந்தால் 220 வரை நீளவாட்டில் தேய்த்து எடுங்கள். வாலும் அலகும் சேருகிற இடத்தில் கூரான உள்மூலை இருந்தால் அதை வட்டமாக்குங்கள். விரிசல் எப்போதும் இப்படியான இடத்தில்தான் பிறக்கும்.

சின்ன கேஸ் உலையில் பெரிய தொல்லை சீரில்லாத சூடுதான். பர்னர் நாக்கு நேராக விழுகிற இடம் ஆரஞ்சாகவும், இரண்டு விரற்கடை தள்ளி மங்கிய சிவப்பாகவும் இருக்கும். முனையும் வாயும் மெல்லியவை, முதலில் அவைதான் மிஞ்சும். இதற்கு எளிய வழி, உலைக்குள் ஒரு இரும்புக் குழாயை வைத்து, குழாய்க்குள் கத்தியை வைப்பது. மூன்று அங்குலக் கறுப்பு எம்.எஸ். பைப், ஒரு முனை அடைத்தது போதும். தீ குழாயைத்தான் அடிக்கும், குழாய் கத்தியை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடாக்கும். ஜி.ஐ. பைப்பை எடுத்துவிடாதீர்கள்; அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். குழாயின் அடைத்த முனையில் ஒரு துண்டு அடுப்புக்கரி போட்டு வைத்தால் உள்ளே இருக்கிற ஆக்சிஜனை அது தின்றுவிடும், கத்தியின் மேல் செதில் படிவது குறையும். செதிலை விட அதற்கு அடியில் நடப்பதுதான் மோசம். ஆக்சிஜன் பட்டால் எஃகின் மேல்தோலிலிருந்து கார்பன் போய்விடும், மெல்லிய பச்சை இரும்புத் தோல் ஒன்று மிஞ்சும்.

பர்னரில் கேஸ் கொஞ்சம் கூடுதலாகவும் காற்று குறைவாகவும் வைத்தால் இதே காரணத்துக்காக நல்லது. உலை வாயில் மெல்லிய நாக்கு வெளியே நீண்டு எரிய வேண்டும். ஆனால் அப்படி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். மூடிய ஷெட்டில் செய்யாதீர்கள், காற்றோட்டம் கட்டாயம். வீட்டுச் சிலிண்டர் ரெகுலேட்டரின் அழுத்தம் இந்த பர்னருக்குப் போதாது. வணிகச் சிலிண்டரும் ஹை பிரஷர் ரெகுலேட்டரும் முறையாக வாங்கி, சிலிண்டரை உலையிலிருந்து தள்ளி வையுங்கள். உலைக்குள் செராமிக் ஃபைபர் பஞ்சு வைத்திருந்தால் அதன் மேல் பூச்சு இருக்கட்டும்; அந்த நூல்கள் நுரையீரலுக்கு ஆகாது.

இனி சூட்டைப் பார்ப்பது. நிழலான இடத்தில், முடிந்தால் பொழுது சாய்ந்த பிறகு செய்யுங்கள். பட்டப்பகல் வெளிச்சத்தில் 850 டிகிரி கூட மங்கலாகத் தெரியும். இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்து கிரெய்னைப் பெருக்கிவிடுவீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில் செய்தால்தான் கண் பழகும்.

காந்தத்தை எல்லோரும் சொல்வார்கள். எஃகில் காந்தம் ஒட்டாமல் போனதும் முக்கு என்பார்கள். அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. 770 டிகிரி என்பது தூய இரும்பு காந்தத்தை விடுகிற இடம். கார்பன் 0.8 சதவீதம் இருக்கிற எஃகில், ஆஸ்டினைட்டாக மாறும்போதே காந்தம் போய்விடும், அது 770க்குக் கீழேயே நடக்கும். ஆகவே காந்தம் விட்ட இடத்தில் நிற்காமல் இன்னும் ஐம்பது டிகிரியாவது மேலே போக வேண்டும். உங்கள் பட்டைக்கு இன்னும் அதிகம். சூடு ஏறும்போது மட்டும்தான் காந்தத்தை நம்பலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒருமுறை ஏறிவிட்டு இறங்குகிற எஃகு, 700க்கு நன்றாகக் கீழே வரும் வரை காந்தத்தில் ஒட்டாமலே இருக்கும். உலையிலிருந்து எடுத்து, காந்தத்தில் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்று நிம்மதியாக எண்ணெயில் விடுகிறவர்கள் பெரும்பாலும் ஆறிப்போன கத்தியைத்தான் முக்குகிறார்கள். முதல் கத்திக்கு நீங்கள் செய்ததும் இதுவாக இருக்கலாம்.

காந்தத்தைவிட நான் நம்புவது நிழலைத்தான். கத்தி மெதுவாகச் சூடேறும்போது குழாய்க்குள் கண்ணை எடுக்காமல் பாருங்கள். சிவப்பு சீராகக் கூடிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் அலகின் மேல் மங்கலான நிழல்கள் தோன்றி நெளியத் தொடங்கும். பின்னணியில் குழாய் பிரகாசமாக இருக்கும், கத்தி மட்டும் அங்கங்கே கறுத்துத் தெரியும். அணுக்களின் அடுக்கு மாறுவதற்கு எஃகு வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அதனால் அந்த இடத்தில் சூடு ஏறாமல் தங்குகிறது, அதுதான் நிழல். மெல்லிய வாயிலிருந்து நிழல் தடித்த முதுகை நோக்கி நகர்ந்து கடைசியில் மறையும். மறைந்ததும் கத்தி முழுவதும் ஒரே நிறத்தில், குழாயின் நிறத்தோடு கலந்து நிற்கும். அந்த நிமிடத்தில் எஃகு மாறி முடித்துவிட்டது. அதிலிருந்து ஒரு சாயல் மட்டும் மேலே ஏறவிட வேண்டும். தீ வேகமாக அடித்தால் நிழல் கண்ணுக்குச் சிக்காமல் ஓடிவிடும். மெதுவாகக் காய்ச்சுவதுதான் வழி. கத்தியாகாத ஒரு வெட்டுத்துண்டை எடுத்து, ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி இந்த நிழலை மட்டும் ஒரு மாலை முழுக்கப் பாருங்கள். இறங்கும்போது இதற்கு நேர்மாறு நடக்கும்: ஆறிக்கொண்டு வருகிற துண்டு சட்டென்று ஒரு கணம் தானாகவே பிரகாசமாகும்.

கண்ணுக்கு அளவு காட்ட வீட்டிலேயே ஒரு பொருள் இருக்கிறது. சமையல் உப்பு உருகுவது 801 டிகிரியில். ஒரு இரும்புத் துண்டின் மேல் ஒரு சிட்டிகைத் தூள் உப்பை வைத்துக் குழாய்க்குள் தள்ளுங்கள். வெள்ளைப் பொடி கண்ணாடித் துளியாக மாறுகிற கணத்தில் அந்த இரும்பின் நிறம் என்ன என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். 1084க்கு அந்த நிறமே ஏறக்குறைய போதும், பட்டைக்கு அதைவிட ஒரு படி மேலே. சிட்டிகைக்கு மேல் வேண்டாம், உருகிய உப்பில் தண்ணீர் படவும் கூடாது, தெறிக்கும். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் கே டைப் தெர்மோகப்பிளும் டிஜிட்டல் மீட்டரும் வாங்குங்கள். முனையைக் குழாய்க்குள் கத்திக்குப் பக்கத்தில் வைத்தால் கண் சொல்வதைச் சரிபார்க்கலாம். துப்பாக்கி வடிவில் விற்கிற மலிவான லேசர் தெர்மாமீட்டர் இந்தச் சூட்டுக்கு உதவாது.

கடினப்படுத்துவதற்கு முன் நார்மலைசிங் செய்ய வேண்டும், அதாவது காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவது. கிரைண்டரில் மட்டுமே செய்த கத்திக்கு இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டையின் முந்தைய வரலாறு உங்களுக்குத் தெரியாது. கிரெய்ன் எப்படி இருக்கிறதோ, உள்ளே எவ்வளவு இழுவிசை தேங்கியிருக்கிறதோ. முதல் சுற்றில் 870 வரை காய்ச்சி, காற்று வீசாத இடத்தில் கறுக்கும் வரை தொங்கவிடுங்கள். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் குறைவாக. மூன்றாவதில் நிழல் மறைந்த அந்த இடத்தோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை அந்த எல்லையைத் தாண்டி இறங்கும்போதும் பழைய மணிகள் கலைந்து புதிய சின்ன மணிகள் பிறக்கும். கத்தி இந்த மூன்று சுற்றில் கோணினால் நல்லது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கோண வேண்டியது இங்கேயே வெளியே வந்துவிட்டது, இப்போது தட்டி நிமிர்த்தலாம். முதலில் பட்டையில் டிரில் இறங்கவில்லை என்றால் சிவக்கக் காய்ச்சி உலர்ந்த சாம்பலில் இரவு முழுக்கப் புதைத்து வையுங்கள், மென்மையாகிவிடும். ஆனால் அதற்கப்புறமும் இந்த மூன்று சுற்று வேண்டும்.

எண்ணெய்க்கு வருவோம். ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். விளக்கெண்ணெய் கெட்டியானது, சரிப்படாது. வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம், அந்தப் புகையில் ஈயத்திலிருந்து என்னென்னவோ இருக்கும். ஒரு கிலோ எஃகுக்கு 8 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. உங்கள் கத்திக்கு அவ்வளவு தேவைப்படாது, ஆனால் கத்தி முழுதாக முங்குகிற ஆழம் வேண்டும். எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விரலை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு. சூடான எண்ணெய் மெதுவாகத்தானே குளிர்விக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. முக்கின கணத்தில் கத்தியைச் சுற்றி ஆவிப் படலம் ஒன்று கட்டிக்கொள்ளும், அது இருக்கும் வரை எண்ணெய் இரும்பைத் தொடாது. சூடான எண்ணெய் நீர்த்துப் போயிருப்பதால் அந்தப் படலத்தைச் சீக்கிரம் உடைத்து உள்ளே போகும்.

உங்கள் பட்டை எஃகுக்கு இந்த எண்ணெய் தாராளம், குரோமியம் மாதிரிக் கலப்பு இருப்பதால் அதற்குச் சில நொடி அவகாசம் உண்டு. 1084க்கு அந்த அவகாசம் ஒரு நொடி கூட இல்லை. உலைக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஓரடி தூரம் போதும், அதற்கு மேல் நடக்கக் கூடாது. தண்ணீரில் முக்காதீர்கள். பட்டை எஃகு தண்ணீரில் விரிசல் விடுவதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

பட்டைக் கத்தியை 840 சுற்றில் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், கார்பைடு கரைய நேரம் வேண்டும். 1084 ஆனால் சீராகச் சூடானதும் எடுத்துவிடலாம். குறட்டால் வாலைப் பிடித்து, முனை முதலில் போகிற மாதிரி நேர்க்குத்தாக இறக்குங்கள். உள்ளே போனதும் மேலும் கீழுமாக, இல்லாவிட்டால் வாய்-முதுகுத் திசையில் மட்டும் அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து கத்தி வில்லாக வளையும். பாதி அலகை வெளியே விட்டால் எண்ணெய் மட்டத்தில் தீப்பிடிக்கும், அதனால் அலகு முழுவதும் முங்கட்டும். எண்ணெய்ப் பாத்திரம் இரும்பாக, மூடியோடு இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அணைப்பதுதான் முறை, தண்ணீர் ஊற்றுவது அல்ல. நீண்ட கையுறை, கண்ணாடி, பருத்திச் சட்டை. பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம்.

எட்டுப் பத்து நொடியில் எடுத்துப் பாருங்கள். தடிமனான அலகாக இருந்தால் இன்னும் 200 டிகிரிக்கு மேல் இருக்கும், கடினம் முழுதாக ஏறியிருக்காது. கோணல் தெரிந்தால் தோல் கையுறையோடு அப்போதே மெதுவாக நிமிர்த்தலாம், அல்லது இரண்டு தட்டையான இரும்புப் பலகைக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்கிவிடலாம். இதற்குக் கிடைப்பது சில நொடிகள்தான். ஆறிய பிறகு நிமிர்த்தப் பார்த்தால் கையோடு வரும். அப்படி மிஞ்சிய கோணலை டெம்பர் வைக்கும்போது ஒரு தடித்த பட்டையோடு சேர்த்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைகிற மாதிரி கிளாம்ப் போட்டு எடுக்க வேண்டும்.

கை சூட்டுக்கு ஆறியதும் அரத்தை வைத்து வாயில் இழுத்துப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் கத்தி கடினமாகிவிட்டது. முதல் இழுப்பில் பிடித்துவிட்டு அப்புறம் வழுக்கினாலும் கவலை இல்லை. மேலே இருப்பது கார்பன் போன தோல், தேய்க்கும்போது போய்விடும். எவ்வளவு இழுத்தாலும் அரம் கடித்துக்கொண்டே போனால் சூடு போதவில்லை.

அரம் வழுக்கிய கத்தியை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அந்த நிலையில் அது கண்ணாடி. உள்ளே இருக்கிற இழுவிசையிலேயே சும்மா வைத்த இடத்தில் விரிசல் விடுவதும் உண்டு. நேராக ஓவனுக்குப் போக வேண்டும். கேக் சுடுகிற ஓ.டி.ஜி. போதும். அதன் திருகில் இருக்கிற எண்ணை நம்பாதீர்கள், தனியாக ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே வையுங்கள். கம்பிச் சுருள் எரிந்து அணையும்போது உள்ளே சூடு மேலும் கீழும் ஆடும். ஒரு தட்டில் மணல் பரப்பி அதற்குள் கத்தியைப் புதைத்தால் அந்த ஆட்டம் கத்திக்கு எட்டாது. 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், வெளியே எடுத்து முழுக்க ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம். பட்டை எஃகு இதில் ராக்வெல் என்ற கடின அளவில் 58 சுற்றில் வந்து நிற்கும், சமையல் கத்திக்கு நல்ல இடம். அரிவாள் மாதிரி வெட்டி அடிக்கிற பொருளுக்கு 230, 240 வரை போகலாம்.

நிறத்தைப் பார்த்து டெம்பர் வைப்பது பற்றி நிறையச் சொல்வார்கள். பளபளப்பாகத் தேய்த்த எஃகை மெதுவாகச் சூடாக்கினால் 205 அளவில் வெளிர் வைக்கோல் நிறம், 245 வாக்கில் பழுப்பு, 280க்கு அருகில் ஊதா, 300ஐ ஒட்டி நீலம். கல் வேலை செய்கிற ஊர்களில் உளி தோய்க்கிறவர்கள் இதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். நுனியை மட்டும் தோய்த்து எடுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, உடம்பில் மிஞ்சிய சூடு நுனியை நோக்கி வரும்போது ஓடுகிற நிறத்தைப் பார்த்து, வேண்டிய நிறம் நுனியைத் தொட்டதும் மறுபடி முக்கி நிறுத்துவார்கள். உளிக்கு அது அழகான முறை. நீளமான மெல்லிய கத்திக்கு ஓவன்தான் சரி. நிறம் சூட்டைப் பொறுத்தது மட்டுமல்ல, நேரத்தையும் பொறுத்தது. இரண்டு மணி நேரம் 200இல் கிடந்த கத்தி அதே சூட்டில் இரண்டு நிமிடம் கிடந்ததைவிட அடர்ந்த நிறம் காட்டும். அதைப் பார்த்துச் சூடு கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம். இன்னொன்று, உறுதி வேண்டும் என்று கத்தியை நீலம் வரைக்கும் கொண்டுபோகாதீர்கள். ஏறக்குறைய 260 முதல் 370 வரை உள்ள பகுதியில் இந்த மாதிரி எஃகுகளுக்குக் கடினமும் குறையும், உடையும் குணமும் கூடும். முதுகையோ வாலையோ மென்மையாக்க வேண்டும் என்றால் கேஸ் டார்ச்சில் அந்த இடத்தை மட்டும் காட்டுங்கள், வாய் ஈரத்துணியிலோ தண்ணீரிலோ இருக்கட்டும்.

இவ்வளவும் செய்வதற்கு முன் ஒரு வேலை. இதைச் செய்யாமல் கத்தியைத் தோய்க்க வேண்டாம் என்று அடித்தே சொல்வேன். அதே பட்டையிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் மூன்று துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கத்தியின் தடிமனுக்கே தேய்த்துவிடுங்கள். ஒன்றை நிழல் வருவதற்கு முன்பே எடுத்து முக்குங்கள். ஒன்றை நிழல் மறைந்து ஒரு சாயல் ஏறியதும். மூன்றாவதை வேண்டுமென்றே ஆரஞ்சு வரை ஏற்றி. டெம்பர் வைக்காமல், துணியில் சுற்றி வைஸில் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியால் தட்டி உடையுங்கள். முதல் துண்டு உடையாமல் வளையும். இரண்டாவது பளிச்சென்று உடையும், உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மினுக்கமே இல்லாமல் நைசாக இருக்கும். மூன்றாவதன் முகத்தில் சர்க்கரை கொட்டினது போல் மணிமணியாக மின்னும். இந்த மூன்று முகத்தையும் வெயிலில் சாய்த்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் முனை உடைந்த உங்கள் கத்தியின் உடைந்த இடத்தையும் பாருங்கள், எந்தத் துண்டோடு ஒத்துப்போகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

டெம்பர் முடிந்து கூர்மை வைக்கும்போது கத்தி வெறுங்கையில் பிடிக்க முடியாத சூட்டுக்குப் போகக் கூடாது. கிரைண்டரில் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனையுங்கள், கையுறை போடாதீர்கள். வாய் ஓரத்தில் நீலம் ஓடினால் அந்த இடத்தில் டெம்பர் போய்விட்டது, அந்த அளவுக்குத் தேய்த்துத் தள்ள வேண்டியதுதான். கூர்மை வைத்ததும், ஆறு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வைஸில் படுக்க வைத்து, வாயைச் சாய்த்து அதன் மேல் அழுத்தி இழுங்கள். வாய் லேசாகப் பிதுங்கித் திரும்ப நேரானால் சரியாக வந்திருக்கிறது. பிதுங்கி அப்படியே நின்றால் கடினம் போதவில்லை. பொடிந்தால் இன்னும் 15 டிகிரி கூட்டி மறுபடி ஒரு டெம்பர்.

உங்கள் கையில் இருக்கிற இரண்டையும் தூக்கிப் போட வேண்டாம். வாய் மடங்குகிறதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிடியைக் கழற்றி, கூர்மையை ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பின்னால் தள்ளி, மூன்று சுற்று நார்மலைசிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். முனை உடைந்ததைக் கொஞ்சம் குட்டையாக வேறு முனை எடுத்து, அதே மூன்று சுற்றில் கிரெய்னை நைசாக்கித் திரும்பத் தோயுங்கள். அதற்கு முன் மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, சாக்பீஸ் பொடி தடவி வையுங்கள். உடைந்த இடத்திலிருந்து உள்ளே ஓடுகிற விரிசல் ஏதாவது இருந்தால் கொஞ்ச நேரத்தில் பொடியின் மேல் ஈரக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் மட்டும் அந்தக் கத்தியை விட்டுவிட்டு, பட்டையை வெட்டி இன்னும் நாலு சோதனைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.